ஸ்போலியாரியத்தில் ஒரு பிலிப்பினோகூட இல்லையே? படத்தில் இருப்பதும் படம் பேசுவதும்

மலர்விழி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் வேலை விஷயமாக மணிலா போயிருந்தேன். கடைசி நாளில் அரை நாள் ஓய்வு கிடைத்தது. சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்க்கும் பிலிப்பினோ தோழி, "வேறெங்கே போகாவிட்டாலும் தேசிய நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு வா, கட்டணம்கூடக் கிடையாது" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். போனேன்.

உள்ளே நுழைந்ததும் பெரிய கூடம். ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு பிலிப்பினோ ஓவியர் ஹுவான் லூனாவின் ஸ்போலியாரியம் என்ற ஓவியம். உயரம் 4 மீட்டருக்கு மேல், அகலம் ஏழரை மீட்டருக்கு மேல். எதிர்ச் சுவரில் இன்னொரு பிலிப்பினோ ஓவியர் இதால்கோவின் படம்: ஸ்பானிய ஆளுநர் புஸ்தமாந்தேயைத் துறவிகளின் கூட்டம் இழுத்துக் கொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரையோ யாரோ இழுக்கிறார்கள்.

பள்ளிச் சீருடையில் ஒரு கூட்டம் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுடைய ஆசிரியை ‘பக்சா’, ‘தெமா’ என்ற இரண்டு சொற்களை மாறி மாறிச் சொன்னார். தோழியிடம் கேட்டேன். பக்சா என்றால் படத்தில் உள்ள பொருள், தெமா என்றால் கருத்து, பள்ளியில் இரண்டையும் பிரித்து எழுதச் சொல்வார்கள் என்றாள்.

என் குழப்பம் இதுதான். படத்தில் இருப்பது ரோமாபுரி. கிளாடியேட்டர் என்னும் வாட்போர் மல்லர்கள் அரங்கில் செத்த பிறகு உடலை இழுத்து வந்து கவசத்தை உரிக்கும் அறைதான் ஸ்போலியாரியம். பெயர் லத்தீன். வரைந்த இடம் ரோம். 1884இல் தங்கப் பதக்கம் வாங்கிய இடம் மாட்ரிட். படத்தில் ஒரு பிலிப்பினோ முகம் இல்லை, ஒரு தென்னை மரம் இல்லை. அப்படியிருக்க, அந்த நாட்டுக்கே இதுதான் முதல் ஓவியம் என்கிற மாதிரி அவ்வளவு பேர் அதன் முன்னால் பேச்சற்று நிற்கிறார்களே, எதைப் பார்த்து? பொருள் ஒன்று, கருத்து வேறொன்று என்று சொல்லிவிட்டால் போதுமா? அந்தக் கருத்து எங்கிருந்து வந்தது?

---

ஓவிய வாத்தியார் எழுதியது:

மலர்விழி, முப்பது வருஷம் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தக் கேள்வியை ஒரு மாணவனாவது கேட்கமாட்டானா என்று ஏங்கியிருக்கிறேன்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். இன்றைக்கு நாம் ‘கருப்பொருள்’ என்பதைக் கருத்து என்ற பொருளில் எழுதிவருகிறோம். பழைய இலக்கணத்தில் கருப்பொருள் என்பது நிலத்தில் கண்ணுக்குத் தெரிகிற பொருள்கள்: மரம், பறவை, விலங்கு, பறை, தொழில். அந்த நிலத்துக்கு உரிய மன நிலைதான் உரிப்பொருள். குறிஞ்சிப் பாட்டில் யானையும் வேங்கை மரமும் தேனும் வரும். பாட்டு தேனைப் பற்றியது என்று யாராவது சொல்வோமா? ஆனால் தேனை எடுத்துவிட்டால் பாட்டும் போய்விடும். பக்சா நம் கரு. தெமா நம் உரி. இப்படி வைத்துக்கொண்டால் எனக்குத் தெளிவாக இருக்கிறது.

ஸ்போலியாரியத்தின் உரிப்பொருளை முதலில் வாய்விட்டுச் சொன்னவர்களில் ஒருவர் ஹோசே ரிசால், பின்னாளில் பிலிப்பைன்ஸின் தேசிய வீரராகப் போற்றப்பட்ட எழுத்தாளர். அப்போது அந்த நாடு ஸ்பெயினின் காலனி. 1884 ஜூன் 25 இரவு, லூனாவுக்கும் இதால்கோவுக்கும் பாராட்டு விருந்து. மாட்ரிட்டில் ஓர் உணவகம். ரிசாலுக்கு அப்போது 23 வயது. அந்தத் திரை ஊமையல்ல, அதில் கூட்டத்தின் ஆரவாரமும் அடிமைகளின் கூச்சலும் பிணங்களின் மேல் கவசம் உரசும் ஓசையும் அநாதைகளின் விம்மலும் கேட்கின்றன என்கிற மாதிரிப் பேசினார். அங்கே உட்கார்ந்திருந்த பிலிப்பினோக்களுக்கு இழுக்கப்படுகிறவர் யார், இழுப்பவர் யார் என்று விளக்கம் தேவைப்படவில்லை.

---

நேர்கோடு எழுதியது:

வாத்தியார் ஐயா மேல் மரியாதை உண்டு, ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பேசியது ரிசால். வரைந்தது லூனா. லூனா அப்படி நினைத்து வரைந்தாரா?

1881இல் இதே மாட்ரிட் கண்காட்சியில் லூனா ‘கிளியோபாத்ராவின் மரணம்’ வைத்து வெள்ளி வாங்கினார். அதுவும் பழங்காலக் கதைதான். அன்றைய கல்விக்கூட ஓவியத்தில் பரிசு வேண்டும் என்றால் ரோம், பைபிள், போர், ராஜா என்று பெரிதாகப் போடவேண்டும். லூனா போட்டார். 1887இல் ஸ்பானிய மேலவைக்காக லெபாந்தோ கடற்போரைப் பிரமாண்டமாக வரைந்ததும் இதே லூனாதான். ஸ்பெயினின் வெற்றியைக் கொண்டாடும் படம் அது. ஸ்போலியாரியம் ஸ்பெயினைக் குற்றம் சாட்டுகிறது என்றால் அதை ஏன் வரைந்தார்?

விருந்தில் பேசிய ஒரு இளைஞன் தன் மனக்குமுறலை அந்தப் படச்சட்டத்தில் மாட்டிவிட்டுப் போனான், அது அப்படியே நிலைத்துவிட்டது என்பதுதான் என் எண்ணம்.

---

தூரிகை எழுதியது:

நேர்கோடு, மனசுக்குள் என்ன இருந்தது என்பதை விட்டுவிடுவோம். திரையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

ரோமானிய அரங்கை வரைய நினைக்கும் ஓவியர் சாதாரணமாக எங்கே நிற்பார்? மேலே, வெயிலில். மணல், கேலரி நிறையக் கூட்டம், பேரரசர், வாளை ஓங்கிய கை. வரைவதற்கு அழகானது எல்லாம் அங்கேதான். லூனா படியிறங்கிக் கீழே போய்விட்டார். சண்டை முடிந்தாயிற்று. வீரமும் இல்லை, வெற்றியும் இல்லை. மிஞ்சியது உடலை இழுக்கிற வேலை மட்டும்.

நடுவில் இரண்டு உடல்களைக் கயிறு கட்டி இழுக்கிறார்கள். தரையில் ரத்தத்தின் தடம். இடது பக்கம் எட்டிப் பார்க்கிற கூட்டம். கவசம் எப்போது கைக்கு வரும் என்று காத்திருக்கிறது. வலது பக்கம் போகப் போக இருட்டு. அங்கே ஒரு கிழவர் தீப்பந்தத்தோடு எதையோ தேடுகிறார், மகனாக இருக்கலாம். தரையில் ஒரு பெண், உடை கிழிந்து, நமக்கு முதுகைக் காட்டிக் கிடக்கிறாள். இவ்வளவு பெரிய படத்தில் அழுகிறவளின் முகத்தைக் காட்டவில்லை பாருங்கள். முகத்தைக் காட்டியிருந்தால் அவள் ஒரு ரோமானியப் பெண் ஆகியிருப்பாள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதே 1884 கண்காட்சியில் இதால்கோவுக்கு வெள்ளிப் பதக்கம் வாங்கித் தந்த படம், கும்பல் முன்னால் இழிவுபடுத்த நிறுத்தப்பட்ட கிறிஸ்தவப் பெண்களைப் பற்றியது. காலனி நாட்டிலிருந்து போன இரண்டு ஓவியர்கள், ஒரே கண்காட்சி, இரண்டு பேரும் ரோமை எடுத்துக்கொள்கிறார்கள், இரண்டு பேரும் ரோமிடம் சிக்கியவர்கள் பக்கம் நிற்கிறார்கள். ரிசால் அதை ஆகாயத்திலிருந்து பிடிக்கவில்லை.

---

நேர்கோடு எழுதியது:

இதால்கோ விஷயம் எனக்கு உறைக்கிறது. முதுகு காட்டும் பெண்ணையும் நான் கவனித்ததில்லை. சரி, ஸ்போலியாரியத்தை விட்டுவிடுகிறேன்.

ஆனால் இதே லூனாவின் 1892 படம் ஒன்று, ‘பாரிஸ் வாழ்க்கை’. ஒரு காபிக்கடை. சோபாவில் தொப்பி போட்ட ஒரு பெண் சற்றுக் கோணலாக உட்கார்ந்திருக்கிறாள். மூலையில் மூன்று ஆண்கள். அவர்கள் லூனா, ரிசால், மருத்துவர் அரிஸ்தோன் பௌதிஸ்தா லின் என்கிறார்கள். 2002இல் அந்நாட்டு அரசு ஊழியர் காப்பீட்டு நிதியிலிருந்து 46 மில்லியன் பெசோ கொடுத்து வாங்கினார்கள், அதற்குப் பெரிய சண்டை நடந்தது. அந்தப் பெண்ணின் உடல் வடிவத்தைக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்தால் பிலிப்பைன்ஸ் வரைபடமாம், அவள் பெண்ணே இல்லை, கழுத்தில் கயிறு மாட்டிய தாய்நாடாம். இதையும் உரிப்பொருள் என்று ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

---

தூரிகை எழுதியது:

நான் ஏற்கமாட்டேன். ஸ்போலியாரியத்தில் கயிறு, இருட்டு, முதுகு எல்லாம் யார் பார்த்தாலும் தெரியும். படத்தைத் திருப்பிக் கண்ணாடியில் பிடித்தால்தான் தெரியும் என்றால், அது பார்ப்பவர் கொண்டுவந்து வைத்தது. அது தவிர, ரிசால் 1891 அக்டோபரிலேயே ஐரோப்பாவை விட்டு ஹாங்காங்குக்குக் கப்பலேறிவிட்டார். மூலையில் இருப்பவர் அவர்தான் என்றால் நினைவிலிருந்து வரைந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

எனக்கு அந்தப் படத்தில் பிடிப்பது, அந்தப் பெண் எங்கேயும் பொருந்தாமல் உட்கார்ந்திருக்கிற விதம். ஊர் விட்டு ஊர் வந்து காபிக்கடையில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேர் பக்கத்தில் அவள் இருக்கிறாள். அவ்வளவே எனக்குப் போதும்.

---

விகான் வழிப்போக்கன் எழுதியது:

இரண்டு வருஷம் வடக்கு லூசோனில் வேலை பார்த்தவன். லூனாவுக்கு முன்னாலிருந்து ஓர் உதாரணம் தருகிறேன், ஏனென்றால் எல்லாரும் 1884இலேயே ஆரம்பிக்கிறார்கள்.

இலோகோஸ் பகுதியில் கரும்புச் சாற்றில் காய்ச்சும் மதுவுக்குப் பாசி என்று பெயர். கல்யாணம், சாவு, அறுவடை எதுவும் அது இல்லாமல் நடக்காது. ஸ்பானிய அரசு வீட்டில் காய்ச்சக்கூடாது, அரசுக் கடையில்தான் வாங்கவேண்டும் என்றது. 1807 செப்டம்பரில் பித்திக் என்ற ஊரில் கலகம் கிளம்பி, தெற்கே பரவி, பந்தாவாய் ஆற்றங்கரையில் நசுக்கப்பட்டது. 1821இல் எஸ்தேபான் வில்லானுவேவா இதை 14 படங்களாக வரைந்தார். இப்போது விகானில் தேசிய அருங்காட்சியகத்தின் இலோகோஸ் கிளையில் இருக்கின்றன.

பொருள் என்னவோ கலகம். படம் பேசுவது அரசின் வெற்றியை. வரிசையாக நிற்கும் படை ஒழுங்காக இருக்கிறது, கலகக்காரர்கள் சிதறி ஓடுகிறார்கள், கடைசியில் தூக்கு மரமும் வெட்டிய தலையும். பார்த்துப் பயப்படு என்கிற படங்கள். வானத்தில் ஒரு வால்நட்சத்திரமும் வருகிறது. அது கற்பனை இல்லை, 1807இல் உண்மையாகவே தெரிந்த வால்நட்சத்திரம்.

நான் அதன் முன்னால் நின்றபோது என் பக்கத்தில் ஒரு இலோகானோ முதியவர் தன் பேரனுக்கு விரலால் ஒவ்வொரு கலகக்காரனாகக் காட்டிக்கொண்டே போனார். படையை அவர் காட்டவே இல்லை. தூக்கில் தொங்குகிறவர்களை மட்டும் எண்ணினார். 14 படங்கள் என்பது சிலுவைப் பாதையின் 14 நிலைகளின் எண்ணிக்கையும்கூட. கத்தோலிக்க ஊரில் வளர்ந்த ஒருவர் 14 படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால், கடைசியில் கொல்லப்படுகிறவர் மேல்தான் மனசு போகும். வரையச் சொன்னவர்கள் அதை யோசித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

---

ஓவிய வாத்தியார் எழுதியது:

வழிப்போக்கன், 14 நிலைகளோடு வைத்துப் பார்க்கலாம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. மிக்க நன்றி. நாளை முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருப்பேன்.

---

நெல்மணி எழுதியது:

நீங்கள் எல்லாரும் ரத்தம் சிந்தும் படங்களாகவே எடுத்துக்கொள்கிறீர்கள். எனக்குப் பிலிப்பினோ ஓவியர் அமோர்சோலோ பற்றிப் பேசவேண்டும். அங்கே காலண்டரிலும் ஹோட்டல் சுவரிலும் திரும்பிய பக்கமெல்லாம் அவர்தான். 1922இல் அவர் வரைந்த நடவுப் படம் ஊரெல்லாம் பரவியது. தேசியக் கலைஞர் என்ற பட்டத்தை 1972இல் முதன்முதலில் பெற்றவரும் அவர்.

அம்மா நடவுக்குப் போன வீட்டில் வளர்ந்தவள் நான். அமோர்சோலோ படத்தில் பெண்கள் வரிசையாகக் குனிந்திருக்கிறார்கள், அகலமான ஓலைத்தொப்பி, கணுக்கால் வரை தண்ணீர், தண்ணீரில் வானம். சில படங்களில் பின்னால் மயோன் எரிமலை. வெயில் எப்போதும் அவர்களுக்குப் பின்னாலிருந்து வரும். அதனால் தொப்பியின் விளிம்பும் தோளும் பொன்னாக மின்னும். பார்க்கப் பார்க்க அழகு. ஆனால் நிமிர்ந்து இடுப்பைப் பிடிக்கிறவள் ஒருத்திகூட இல்லை. சேற்றுப்புண் இல்லை. அம்மா சாயங்காலம் வந்து சுவரில் சாய்ந்து உட்காருவாள், பேசமாட்டாள். அந்த அரை மணி நேரம் அமோர்சோலோவிடம் கிடையவே கிடையாது.

லூசோன் குத்தகை விவசாயிகள் கடனில் மூழ்கி, 1935 மே மாதம் சக்தாலிஸ்தாக்கள் என்ற விவசாயிகள் இயக்கத்தார் கிளர்ந்து எழுந்தார்கள். அந்தக் காலத்தில்தான் இவருடைய வயல்கள் இப்படிப் பொன்னாக மின்னின. இதற்கு உரிப்பொருள் என்ன சொல்வீர்கள்?

---

தூரிகை எழுதியது:

நெல்மணி அக்கா, உங்கள் அம்மா சுவரில் சாய்ந்து உட்காரும் அந்தக் காட்சியை நான் மறக்கமாட்டேன். நீங்கள் சொல்வதில் எதையும் மறுக்கவில்லை. அவர் படங்களை விரும்பி வாங்கியவர்கள் மணிலாவின் செல்வந்தர்களும் அமெரிக்கர்களும். குத்தகைக்காரர் வீட்டுச் சுவருக்கு அவை போகவில்லை.

ஆனால் அமோர்சோலோ தன் பெண்களின் முகத்தைப் பற்றித் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்: பத்திரிகைகளில் வரும் நீள்வட்ட முகம் வேண்டாம், வட்ட முகம் வேண்டும், மூக்கு சற்று மழுங்கியதாக இருக்கலாம், நிறம் வெள்ளையாகவும் இருக்கவேண்டாம் என்று. கடைத்தெரு முழுக்க அமெரிக்கச் சரக்கும் அமெரிக்க முகமும் வந்து இறங்கிய காலம் அது. அப்போது ஒரு கிராமத்துப் பெண்ணின் மாநிற வட்ட முகத்தை அழகின் அளவாக வைத்தது சின்ன விஷயம் இல்லை. உழைப்பைப் பற்றி அந்தப் படங்கள் உண்மை சொல்லவில்லை, முகத்தைப் பற்றிச் சொல்லின.

அப்புறம் அவருடைய இரண்டாம் உலகப் போர்க்காலப் படங்களையும் பார்க்கவேண்டும். எரியும் மணிலாவை வரைந்தார். 1945இல் வரைந்த ஒன்றில் ஓர் ஆண் வெட்டரிவாளோடு நிற்கிறான், பின்னால் ஒரு பெண் ஒடுங்கியிருக்கிறாள். எதிரி படத்துக்குள் இல்லை. படத்துக்கு வெளியே, பார்க்கிற நாம் நிற்கும் இடத்தில் எங்கேயோ நிற்கிறான். இருபது வருஷமாக வயலில் சிரித்த அதே பெண்தான் அவள், அதே வட்ட முகம். அந்த வருஷம் மணிலாவில் நடந்த ஒரு மாதச் சண்டையில் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் செத்தார்கள்.

---

நெல்மணி எழுதியது:

அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தேன். உண்மைதான், அதே முகம். ஆனால் வயல் படங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

---

ஓவிய வாத்தியார் எழுதியது:

மன்னிக்கவேண்டாம். உங்களைப் போலக் கோபப்பட்ட ஒருவர் அங்கேயே இருந்தார். விக்தோரியோ எதாதெஸ். அமெரிக்காவில் சியாட்டிலில் படித்தவர், அலாஸ்காவில் மீன் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தவர். 1928 டிசம்பரில் மணிலாவில் கண்காட்சி வைத்தார். அதில் ‘கட்டுகிறவர்கள்’ என்ற பெரிய படம். கல் சுமக்கும், தள்ளும், குனியும் ஆண்கள். சகதி நிறம், பழுப்பு, காவி. உடல்கள் முறுக்கிக்கொண்டு கிடக்கின்றன. பார்த்தவர்கள் அதிர்ந்துபோனார்கள், அசிங்கம் என்றார்கள். பொருள் அமோர்சோலோவுடையதேதான், உழைக்கும் பிலிப்பினோ உடல். வெயில் மட்டும் போய்விட்டது.

ஒரே பொருளை வைத்துக்கொண்டு உரிப்பொருள் மாறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட எனக்குப் பிடித்த ஜோடி வேறொன்று. காலோ ஒகாம்போ 1938இல் மாதாவையும் குழந்தையையும் மாநிறமாக, உள்ளூர் உடையில் வரைந்தார். வானத்து ராணி நம் ஊர்க்காரி என்கிறது அந்தப் படம். 12 வருஷம் கழித்து, 1950இல் விசெந்தே மனன்சாலா ‘சேரி மாதா’ வரைந்தார். போர் முடிந்து, கிராமத்திலிருந்து ஓடிவந்து, தகரமும் பலகையும் அடித்த குடிசைகளுக்கு நடுவே குழந்தையைக் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு தாய். ஒளிவட்டம் இல்லை. பெயரில் மட்டும்தான் மாதா இருக்கிறாள். பெயரை எடுத்துவிட்டால் சேரியில் ஒரு தாய், பெயரைப் போட்டால் வணங்கவேண்டியவள். தலைப்பும் படத்தின் ஒரு பகுதி என்பதை இதைவிடச் சுலபமாக என்னால் சொல்லிக்கொடுக்க முடிந்ததில்லை.

---

சுவரொட்டி எழுதியது:

இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு படத்தை யாரும் சொல்லவில்லை, அதனால் வந்தேன்.

ஓவியர் அந்திபாஸ் தெலோதாவோ, 1978, நீர்வண்ணம். பெயர் ‘மாங் ஹுவானின் நெஞ்சில் அரிவாள்’. மாங் என்பது அங்கே வயதான ஆளை மரியாதையாக அழைப்பது, நாம் ‘பெரியவரே’ என்பதுபோல. அதிபர் மார்கோஸின் ராணுவச் சட்டக் காலம். கைசாஹான் என்ற குழுவில் தெலோதாவோவும் இருந்தார், சமூக யதார்த்த ஓவியர்கள்.

படத்தில் நடப்பது ஒன்றுமே இல்லை. மெலிந்த ஒரு பெரியவர் தெருவில் நடந்து போகிறார். பின்னால் சுவர் முழுக்கக் கோகோ கோலா விளம்பரம், சிவப்பில் வெள்ளை எழுத்து. நமக்கெல்லாம் தெரிந்த அதே வளைந்த எழுத்து. அந்த எழுத்தின் வால் கூராக நீண்டுவந்து சரியாக அவர் நெஞ்சுக்கு நேரே முடிகிறது. அவர் அதைப் பார்க்கவில்லை.

விளம்பரத்தை அவர் திரிக்கவில்லை. எழுத்து அப்படித்தான் இருக்கும். ஆளை எந்த இடத்தில் நிறுத்துவது என்று மட்டும் முடிவு செய்தார். ஒரு சாண் தள்ளி நிறுத்தியிருந்தால் இது தெருக்காட்சி. தூரிகை சொன்ன ‘திரையில் காட்டு’ என்பதற்கு இதைவிட எனக்கு வேறு உதாரணம் தெரியாது.

---

நேர்கோடு எழுதியது:

இதைப் பார்த்தபிறகு ஒரே ஒரு கேள்வி மிச்சம். ஆள், மரம், எதுவுமே இல்லாத அரூப ஓவியத்துக்கு என்ன செய்வது? அங்கே கருவே இல்லையே, உரி எங்கிருந்து வரும்?

---

தூரிகை எழுதியது:

எர்னாந்தோ ஒகாம்போவின் ‘ஆதியாகமம்’ பாருங்கள், 1968. மணிலா கலாசார மையத்தின் பெரிய அரங்கத் திரைச்சீலை அதை வைத்துத்தான் நெய்யப்பட்டது. ஒன்றோடொன்று கோத்த வடிவங்கள், நெருப்பா இலையா செல்லா என்று சொல்ல முடியாது. சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளும் கீழிருந்து மேலே எழும்புகிற மாதிரி இருக்கும். பெயரைப் படிக்காமலேயே ஏதோ பிறக்கிறது என்று தோன்றும். அந்த எழும்புதலே எனக்குப் போதும்.

இதைவிட எனக்குச் சுவாரசியமானது ஓவியர் பென்காப் வரைந்த சாபெல் என்ற பெண். 1960களில் மணிலாவில் தன் வீட்டருகே குப்பை பொறுக்கித் திரிந்த ஒரு பெண்ணை அவர் பார்த்தார். பிளாஸ்டிக் தாள்களைச் சுற்றிக்கொண்டிருப்பாள். அவளை வரைந்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் வரைந்துகொண்டே இருந்தார். ஆரம்பத்தில் அவள் வறுமை. பின்னால் வரவர அந்தத் தாளின் மடிப்புகள் நாட்டிய உடை மாதிரி சுழல ஆரம்பித்துவிட்டன. பொருள் ஒரே ஒருத்தி. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு. அவள் அழகாக ஆக ஆக, அந்தக் குப்பைமேட்டிலிருந்து தூரமாகப் போய்விட்டாளோ என்று.

---

மலர்விழி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இழை முழுவதையும் மதிய உணவு நேரத்தில் தோழிக்கு வாய்வழியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒரு மணி நேரம் போதவில்லை.

அவளிடம் ஸ்போலியாரியத்தில் எதைப் பார்ப்பாய் என்று கேட்டேன். நடுவில் இழுக்கப்படுகிறவர்களை என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன். "வலது பக்கத்துக் கிழவரை" என்றாள். பள்ளியில் முதல்தடவை அழைத்துப்போனபோது அவள் உயரத்துக்கு அவர் பக்கம்தான் நிற்க இடம் கிடைத்ததாம். அவளுடைய அம்மா அப்போது வெளிநாட்டில் வீட்டுவேலை பார்த்துக்கொண்டிருந்தார், ஏழு வருஷம் வரவில்லை. அந்தக் கிழவர் யாரையோ தேடுகிறார் என்பது மட்டும் புரிந்ததாம். பரீட்சையில் கருத்து என்ற இடத்தில் அதை எழுதினாள், மதிப்பெண் கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் திரும்பவும் மணிலா போகிறேன், இந்தத் தடவை இரண்டு நாள் சேர்த்து விடுப்பு கேட்டிருக்கிறேன். வழிப்போக்கன் அண்ணா, விகானுக்கு மணிலாவிலிருந்து எப்படிப் போவது?

---

விகான் வழிப்போக்கன் எழுதியது:

ராத்திரி பஸ் பிடியுங்கள் மலர்விழி. சுமார் 400 கிலோமீட்டர், விடிகாலையில் இறக்கிவிடும். அருங்காட்சியகம் திறக்கும்வரை சதுக்கத்தில் எம்பனாடா சாப்பிடலாம், பச்சைப் பப்பாளி வைத்தது. படங்களை முதலிலிருந்து வரிசையாகப் பாருங்கள், கடைசிக்குத் தாவவேண்டாம். வால்நட்சத்திரம் எங்கே வருகிறது என்று தேடிப்பார்த்து இங்கே வந்து எழுதுங்கள்.